பழைய டிவி கேமுக்குப் புதுத் தொண்டை

போன இதழில் ஒரு மூலையில், பழைய வீடியோ கேம் பெட்டிகளுக்கு வீட்டிலேயே சின்னதாக ஒரு போர்டு செய்து மாட்டினால் சத்தம் நன்றாக வரும் என்று போகிற போக்கில் எழுதிவைத்தேன். மிக்ஸி, யுபிஎஸ், சீலிங் ஃபேன் என்று கேட்டுக்கொண்டிருந்த வாசகர்கள் எல்லாம் பரணில் ஏறிவிட்டார்கள் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே விஷயம்தான். சரி, இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

90களில் அப்பா பர்மா பஜாரில் வாங்கிக் கொடுத்த டிவி கேம் இன்னும் ஓடுகிறது. புது டிவியில் மாட்டினால் பாட்டுக்குப் பின்னால் ‘கொர்ர்’ என்று ஒரு இரைச்சல். ஆம்ப்ளிஃபையர் போர்டு ஏதாவது மாட்டினால் சரியாகுமா சார்?
– பெரம்பூர் வாசகர்

ஆகாது. கொர்ர் இன்னும் பலமாகக் கேட்கும், அவ்வளவுதான். என் பெட்டிக்கு நான் முதன்முதலில் செய்த வேலையே அதுதான். பிஏஎம்8403 என்று தபால்தலை அளவில் ஒரு ஆம்ப் போர்டு, இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஈயம் வைத்து, சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் பாட்டைத் தள்ளிவிட்டு இரைச்சல் முன்னால் ஓடி வருகிறது. இந்த நேரத்தில் என்ன மாவு அரைக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

அதனால் முதலில் இரைச்சல் எந்த ஜாதி என்று காதால் பிரியுங்கள். திரையில் என்ன ஓடினாலும் மாறாமல் ஒரே சீராக ‘ம்ம்ம்’ என்று வந்தால் அது கரண்ட் வழியாக வருகிறது. படம் மாற மாற இரைச்சலும் மாறினால், உதாரணமாக எழுத்து நிறைந்த மெனு வந்ததும் கூடி, கறுப்புத் திரை வந்ததும் அடங்கினால், அது படத்தின் சிக்னல் சத்தத்தின் வயருக்குள் கசிவது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வகைக்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கனமான பழைய அடாப்டர். அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு கண்டென்சர், வேறு ஒன்றும் கிடையாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நாலு டயோடு வழியாக வந்தால் 100 ஹெர்ட்ஸ் அலையாகிறது, அந்த அலையை நிரப்பிச் சமன் செய்வதுதான் கண்டென்சரின் வேலை. முப்பது வருடத்தில் அது உள்ளே காய்ந்து போயிருக்கும். பெட்டிக்குள் வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து நிறுத்தும் 7805 ஐசிக்கு 5 வோல்ட் கொடுக்கக் குறைந்தது 7 வோல்ட்டாவது உள்ளே வர வேண்டும். அலையின் பள்ளத்தில் வோல்டேஜ் அதற்குக் கீழே இறங்கும்போதெல்லாம் அந்தப் பள்ளம் அப்படியே வெளியே வருகிறது, அதுதான் உங்கள் ‘ம்ம்ம்’. 1000 மைக்ரோ, 25 வோல்ட் கண்டென்சர் ஒன்று வாங்கி மாற்றிவிட்டு அப்புறம் பேசலாம். அடாப்டரையே மாற்றுவதென்றால் பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகு மாற்றுங்கள். ஜப்பானின் நிண்டெண்டோ விற்ற ஃபேமிகாம் என்ற டிவி கேமுக்கு நடு மைனஸ், அதைப் பார்த்துச் செய்த பல பெட்டிகளும் அப்படியே. இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர் அநேகமாக நடு பிளஸ்.

இரண்டாவது வகைதான் வேலை வாங்கும். பெட்டியைத் திறந்தால் போர்டின் நடுவில் கறுப்பாகப் பொட்டு வைத்த மாதிரி பிசின் உருண்டை ஒன்று இருக்கும், மூளை முழுக்க அதற்குள்தான். அதிலிருந்து சத்தம் ஒரு தடத்தில் வந்து ஒரு சின்ன டிரான்சிஸ்டரில் ஏறி வெளியே போகும். போகும் வழியெல்லாம் படத்தின் தடம் தோளோடு தோள் உரசிக்கொண்டு கூடவே வரும். நீங்கள் செய்ய வேண்டியது, டிரான்சிஸ்டருக்கு முன்னாலேயே சத்தத்தைப் பிடித்து, ஒரு 1 கே ரெசிஸ்டரும் 10 மைக்ரோ கண்டென்சரும் வழியாக, ஷீல்டு போட்ட வயரில் தனி ஆர்சிஏ சாக்கெட்டுக்கு (டிவிக்குப் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சளாக இருக்குமே, அந்த வட்டத் துளை)க் கொண்டுபோவது. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் வையுங்கள். ஹெட்ஃபோனை நேராகச் செருக வேண்டாம், சொந்த ஆம்ப் உள்ள ஸ்பீக்கரில் கேளுங்கள்.

கண்டென்சரில் கஞ்சத்தனம் கூடாது. 0.1 மைக்ரோ போட்டு எதிரே 10 கே சுமை இருந்தால் சுமார் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் கரையத் தொடங்கும், பாட்டில் அடித்தளமாக ஓடும் பேஸ் காணாமல் போகும். 10 மைக்ரோ போட்டால் அந்த எல்லை 2 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடுகிறது. வித்தியாசம் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ இருக்கும்.

யூடியூபில் அதே கேமின் பாட்டைக் கேட்டால் வேகமாகவும் வேறு மாதிரியும் இருக்கிறது. என் ஞாபகம் தப்பா, பெட்டி தப்பா?
– ராயபுரம் வாசகர்

ஞாபகம் சரி. பெட்டியும் அதன் நியாயத்தில் சரி. அந்தக் காலத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தது, நம் ஊரில் இருந்த பிஏஎல் (PAL) என்ற டிவி முறையில் 50. அந்தக் கேம்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு படச் சட்டத்துக்கும் ஒரு முறை பாட்டை ஒரு அடி நகர்த்தும். ஆகவே 50க்கு ஓடும் பெட்டியில் ஒரு நிமிடப் பாட்டு 72 விநாடி ஓடும். இதில் வேடிக்கை, சிப்பின் கடிகாரம், ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த இந்த வகைக் குளோன் பெட்டிகளில் ஏறக்குறைய ஜப்பான் வேகத்திலேயே இருந்ததால் சுருதி இறங்கவில்லை, தாளம் மட்டும் விளம்பத்துக்குப் போய்விட்டது. நாம் எல்லோரும் சவுக்க காலத்தில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்.

‘வேறு மாதிரி’ என்று எழுதியதும் சரிதான், நல்ல காது உங்களுக்கு. தைவானின் யுஎம்சி செய்த யுஏ6527 போன்ற குளோன் சிப்களில் ஒரு பிசகு உண்டு. பல்ஸ் சேனல், அதாவது மேலே கீழே என்று இரண்டே நிலையில் துள்ளும் அலை, ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் மேலே நிற்க வேண்டும் என்பதில் 25 சதவீதமும் 50 சதவீதமும் இடம் மாறிப்போயின. மூக்கால் பாடுகிற மாதிரி வர வேண்டிய இடத்தில் புல்லாங்குழல் மாதிரி உருண்டு வரும், அங்கே உருள வேண்டியது இங்கே மூக்கடைத்து வரும். வெளியே எந்த போர்டை மாட்டினாலும் இது மாறாது, சிப்புக்குள் இருக்கும் கோளாறு. என்னைக் கேட்டால் மாற்றவும் வேண்டாம். எனக்கு இன்றைக்கும் ஜப்பான் ஒரிஜினல்தான் காதில் இடிக்கிறது.

அமெரிக்காவிலிருந்து அக்கா மகன் ஒரு நிண்டெண்டோ என்இஎஸ் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். ஜப்பான் கேசட்டுகளில் பாட்டு இதைவிட நன்றாக இருக்கும் என்கிறான். ஒரே கேமுக்கு இரண்டு பாட்டு எப்படி? அதை இந்தப் பெட்டியில் கேட்க வழி உண்டா?
– திருவான்மியூர் வாசகி

உண்டு, அதுவும் ஒரே ஒரு ரெசிஸ்டரில். ஆனால் அதற்கு முன் ஒரு எச்சரிக்கை: அவன் கொண்டுவந்த அடாப்டரை நம் பிளக்கில் நேராகச் செருகிவிடாதீர்கள் அம்மா, அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நான் ஒரு தடவை ஜப்பான் அடாப்டரை, அது இன்னும் மோசம், 100 வோல்ட், பேச்சு சுவாரஸ்யத்தில் 230இல் செருகி, ஹாலில் கருவாடு சுட்ட மாதிரி ஒரு வாடை. மூன்று நாள் போகவில்லை.

இப்போது விஷயம். இந்தப் பெட்டியின் சிப்புக்குப் பெயர் 2ஏ03. அதில் ஐந்து குரல்: இரண்டு பல்ஸ், ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு சாம்பிள். கச்சேரியில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் விற்ற ஃபேமிகாமில் கேசட்டுக்கு 60 கால், அதாவது பெட்டியோடு தொடர்பு கொள்ளும் 60 பின். பெட்டியின் சத்தம் 45ஆவது கால் வழியாக ஒரு முறை கேசட்டுக்குள் போய், 46 வழியாகத் திரும்பி வந்து, அப்புறம்தான் டிவிக்குப் போகும். சாதாரண கேசட்டில் இந்த இரண்டு காலையும் சும்மா இணைத்துவிடுவார்கள். ஆனால் கேசட் செய்பவர் விரும்பினால் அந்த இடைவெளியில் தன் சொந்தச் சிப்பை உட்காரவைக்கலாம், பக்கவாத்தியக்காரர்களை அவரே காரில் ஏற்றிக்கொண்டு வருகிற மாதிரி. கொனாமி 1989இல் ‘அகுமாஜோ டென்செட்சு’ கேசட்டில் விஆர்சி6 சிப்பை வைத்து இன்னும் இரண்டு பல்ஸும் ஒரு ரம்பப்பல் அலையும் சேர்த்தார்கள். அதே கேம் ‘காசில்வேனியா 3’ என்று அமெரிக்காவுக்குப் போனபோது அந்த மூவரும் கப்பல் ஏறவில்லை. இதுதான் அக்கா மகன் சொன்ன இரண்டு பாட்டு.

ஏன் ஏறவில்லை? என்இஎஸ்ஸில் கேசட்டுக்கு 72 கால் கொடுத்தார்கள், ஆனால் சத்தம் கேசட்டுக்குள் போய் வரும் பாதையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் பெட்டியின் அடிவயிற்றில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் 48 கால் கொண்ட ஒரு போர்ட்டை வைத்து, கேசட்டின் சில கால்களை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அந்த போர்ட்டில் செருகுவதற்கு நிண்டெண்டோ கடைசி வரை கடையில் ஒன்றும் விற்கவில்லை.

ஆர்வலர்கள் பிடித்துக்கொண்டது அந்த ஓட்டையைத்தான். போர்ட்டின் 3ஆவது காலுக்கும் 9ஆவது காலுக்கும் நடுவே 47 கே ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால், கேசட்டிலிருந்து வரும் சத்தம் பெட்டியின் சத்தத்தோடு கலந்துவிடும். போர்டைக் கழற்றி அடிப்பக்கம் ஈயம் வைக்கலாம். அல்லது போர்ட்டில் செருகிக்கொள்ளும் சின்ன போர்டு ஒன்று செய்து, நிலையான ரெசிஸ்டருக்குப் பதில் திருகைத் திருப்பி மதிப்பை மாற்றிக்கொள்ளும் பிரிசெட் போட்டுக்கொள்ளலாம். நான் இரண்டாவது வழிதான் சொல்வேன். பெட்டியில் ஒரு கீறல்கூட விழாது, பிடிக்கவில்லை என்றால் பிடுங்கிவிடலாம். இன்னொன்று, 47 கே என்பது வேத வாக்கு அல்ல. மதிப்பைக் குறைத்தால் புது ஆட்கள் சத்தமாகப் பாடுவார்கள், கூட்டினால் பின்னால் நிற்பார்கள், திருகை வைத்துக்கொண்டு உங்கள் காதுக்குப் பாருங்கள். கச்சேரியில் மைக்செட்காரரிடம் ‘மிருதங்கம் கொஞ்சம்’ என்று விரலைக் காட்டுவோமே, அதேதான்.

ரெசிஸ்டர் மட்டும் போட்டால் போதாது, பாடுவதற்கு ஆள் வேண்டும். ஜப்பான் கேசட்டை மாட்ட 60க்கு 72 கன்வெர்ட்டர் வாங்கினால், அதில் பல வகையில் 45, 46 கால்களின் சத்தம் எங்கேயும் போகாது, அதற்கும் ஒரு வயர் இழுக்க வேண்டும். எவர்டிரைவ் என்8 மாதிரி மெமரி கார்டு போடும் கேசட்டுகள் இந்தப் பழைய சிப்களைத் தாங்களே நடித்துக் காட்டி, சத்தத்தைச் சரியான காலில் அனுப்பிவிடும். அது கையில் இருந்தால், 1991இல் வந்த ‘லக்ராஞ்ச் பாயிண்ட்’ கேமைத்தான் முதலில் போட்டுக் கேட்கச் சொல்வேன். விஆர்சி7 என்ற சிப், யமஹாவின் ஒய்எம்2413இன் தம்பி, ஆறு எஃப்எம் குரல் (ரேடியோ எஃப்எம் இல்லை, ஒரு அலையால் இன்னொரு அலையை அசைத்து ஓசை செய்யும் முறை). அந்தச் சிப்பின் பாட்டைப் பயன்படுத்திய ஒரே கேம் அது. எட்டு பிட் பெட்டியிலிருந்து மணியோசை மாதிரி வரும்போது, உள்ளே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

1993இல் வந்த, மேலே கேசட் செருகும் சின்ன என்இஎஸ் உங்களுடையது என்றால் மன்னிக்கவும். அதில் அந்த அடிவயிற்று போர்ட்டே கிடையாது.

சேகா மெகா டிரைவ் 2 வைத்திருக்கிறேன். சத்தம் டின்னுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. நண்பரின் மாடல் 1 நன்றாகப் பாடுகிறது. இரண்டிலும் ஒரே சிப்தானே?
– அம்பத்தூர் வாசகர்

பாடகர் ஒரே குடும்பம், மைக்தான் வேறு. எஃப்எம் ஒரு பக்கம் ஆறு குரல், பிஎஸ்ஜி என்ற பழைய மாதிரி ‘பீப்’ சிப்பின் நாலு குரல் இன்னொரு பக்கம், இரண்டையும் கலந்து பெருக்குகிற கடைசிக் கட்டத்தில், மாடல் 2இன் சில போர்டுகளில் கஞ்சப்பிசினாரி வேலை செய்திருக்கிறார்கள். அதனால்தான் ‘மெகா ஆம்ப்’ என்று ஆர்வலர்கள் ஒரு சின்ன போர்டு வரைந்தார்கள். சிப்பிலிருந்து வருவதை நேராகப் பிடித்து, பழைய பெருக்கியை மொத்தமாகக் கழற்றிவிட்டுத் தானே கலந்து கொடுக்கும். பழையதன் தொடர்பைத் துண்டிக்காமல் புதியதையும் மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

வெரோ போர்டில் (வரிசையாக ஓட்டை போட்ட போர்டு) நீங்களே செய்வதாக இருந்தால் கையில் கிடைத்த டிஎல்072 ஆப்ஆம்பை, அதாவது பெருக்கி ஐசியை, போட்டு 5 வோல்ட்டில் ஓட்டாதீர்கள், அதற்கு மூச்சு முட்டும். 5 வோல்ட்தான் என்றால் எம்சிபி6002 மாதிரி கீழிருந்து மேல் வரை எட்டுகிற ஆப்ஆம்ப் வாங்குங்கள். எஃப்எம்முக்கும் பிஎஸ்ஜிக்கும் தனித்தனி பிரிசெட் வையுங்கள், அந்த விகிதம் தப்பினால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மெகா டிரைவின் பழைய எஃப்எம் சிப்பான ஒய்எம்2612இல் அலை பூஜ்யத்தைத் தாண்டும் இடத்தில் ஒரு படி தடுக்கும். மெல்லிய சத்தங்களில் லேசான கரகரப்பு வரும். பின்னால் வந்த ஒய்எம்3438இல் அது மிகவும் குறைவு. அந்தக் கரகரப்பு தெரிந்தே பாட்டு எழுதியவர்கள் உண்டு என்று ஒரு கட்சி, அது வெறும் குறை என்று ஒரு கட்சி. நான் கரகரப்புக் கட்சி.

கேம் பாயில் ஹெட்ஃபோன் சத்தம் மங்கலாக இருக்கிறது. பாக்கெட் மணியில் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் அங்கிள்.
– பிளஸ் ஒன் மாணவர், வில்லிவாக்கம்

வால்யூம் சக்கரத்துக்கு முன்னால் இடது, வலது இரண்டு புள்ளிகளில் ஆளுக்கொரு வயர், ஒரு கிரவுண்ட், ஒரு 3.5 மில்லிமீட்டர் ஜாக், முடிந்தது. உள்ளே இருக்கும் பழைய பெருக்கியின் இரைச்சல் இல்லாமல் வரும். கேம் பாயில் பாட்டு செய்து மேடையில் வாசிப்பவர்கள் ரொம்ப நாளாகச் செய்வது இதுதான். அந்த ஜாக்கில் வால்யூம் சக்கரம் வேலை செய்யாது, ஸ்பீக்கர் பக்கத்தில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். உள்ளே இரண்டு போர்டையும் இணைக்கும் ரிப்பன் கேபிளைப் பார்த்துத் திற. ரிச்சி தெருவில் ஜாக் வாங்கும்போது ஸ்டீரியோ என்று அழுத்திக் கேள், சும்மா ‘ஹெட்ஃபோன் சாக்கெட்’ என்றால் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். முதல் ஈயத்தைக் கேம் பாயில் வைக்காதே, கெட்டுப்போன ரிமோட் ஒன்றில் பத்து முறை வைத்துப் பழகு.

ஃபோனில் பழைய பெட்டி மாதிரியே நடிக்கும் எமுலேட்டர் ஆப் போட்டால் எல்லாக் கேமும் துல்லியமாகக் கேட்கிறது. எதற்கு சார் இந்தப் பாடு?
– வேளச்சேரி வாசகர்

ஒரு பாடும் வேண்டாம், ஃபோனிலேயே கேளுங்கள், கோபம் இல்லை. ஆனால் சூப்பர் நிண்டெண்டோவின் எம்எஸ்யூ-1 கதையை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். சிடி தரத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில், முழுப் பாட்டை ஓடவிடும் ஒரு கற்பனைச் சிப்பை முதலில் பிஸ்னஸ்... மன்னிக்கவும், ‘பிஎஸ்என்இஎஸ்’ என்ற எமுலேட்டருக்குள்தான் உண்டாக்கினார்கள். அப்புறம் எஸ்டி2எஸ்என்இஎஸ் என்ற மெமரி கார்டு கேசட் செய்தவர் அதை நிஜமான போர்டிலேயே கொண்டுவந்துவிட்டார். சூப்பர் நிண்டெண்டோவின் கேசட் துளையில் சத்தத்துக்கென்று இடது, வலது இரண்டு கால்கள் முதலிலிருந்தே இருந்ததால் பெட்டியில் கைவைக்கவே வேண்டியதில்லை. ஆக, எமுலேட்டரில் பிறந்தது பெட்டிக்குள் குடிபோனது. நான் ஒரு வாரம் கேட்டுவிட்டுப் பழைய பாட்டுக்கே திரும்பிவிட்டேன், முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும்போது ஏதோ கல்யாண மண்டபத்துக்குள் கேம் ஆடுகிற மாதிரி இருந்தது.

நீங்கள் சொல்கிற மாதிரி கண்டென்சர், ஷீல்டு வயர் எல்லாம் மாற்றிவிட்டேன். தனி ஸ்பீக்கரில் சுத்தமாகக் கேட்கிறது. டிவியில் மாட்டினால் மட்டும் மறுபடியும் ‘ம்ம்ம்’. என்ன பாவம் செய்தேன்?
– கோடம்பாக்கம் வாசகர்

டிவியின் பின்னால் இருக்கும் கேபிள் வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால், கேபிள்காரர் வயரின் கிரவுண்டும் உங்கள் வீட்டு எர்த்தும் வேறு வேறு வோல்டேஜில் நின்றுகொண்டு உங்கள் ஆடியோ வயர் வழியாகச் சமாதானம் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆடியோ வயரின் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீரும், கார் ஸ்டீரியோ கடைகளில் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று கேளுங்கள், சின்ன உருளையாக இரண்டு பக்கமும் ஆர்சிஏ வைத்து இருக்கும். மலிவானதில் பேஸ் கொஞ்சம் குறையும். பிளக்கின் எர்த் காலை உடைத்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரைச்சல் போகும், அப்புறம் டிவியின் இரும்பைத் தொட்டால் ஷாக் அடிக்கும். கேபிளைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால், பெட்டியையும் டிவியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், அடாப்டரின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.